தி வாக்கிங் டெட்: பிழைப்பதா, மனிதராக இருப்பதா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாங்கள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் ஒன்றாக உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்க்கிறோம். காலேஜ் பிள்ளைகள், வயல் வேலை பார்ப்பவர்கள், டீச்சர்கள், வீட்டுப் பெண்கள் என்று கலவையான கூட்டம். பார்த்து முடித்ததும் பேச்சு நள்ளிரவு தாண்டும். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் இதில் வெளிப்பட்டுவிடும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

இது எதைப் பற்றிய தொடர்?

அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் 2010 அக்டோபர் 31 அன்று தொடங்கி 2022 நவம்பர் 20 அன்று முடிந்தது. மொத்தம் 11 சீசன், 177 எபிசோட். ஜார்ஜியா மாநிலத்தில் ரிக் கிரைம்ஸ் என்ற போலீஸ்காரர் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். கண் விழிக்கும்போது ஊர், அரசு, மின்சாரம், போலீஸ் எதுவும் இல்லை. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைக் கடித்துத் தின்கிறார்கள். மனைவி லோரியையும் மகன் கார்லையும் தேடிக் கண்டுபிடிக்கும் ரிக், பிழைத்திருக்கும் ஒரு சிறு கூட்டத்துக்குத் தலைவராகிறார்.

பிணம் துரத்துகிற கதையில் நியாய அநியாயம் பேச என்ன இருக்கிறது?

நடைப்பிணங்கள் மெதுவாக நடக்கும், சத்தம் கேட்டால் வரும், மூளையில் அடித்தால் விழும். இரண்டு சீசனுக்குள் எல்லாரும் அதற்குப் பழகிவிடுகிறார்கள். அதன் பிறகு வரும் சாவுகளில் பலவற்றுக்கு முன்னால் யாரோ ஒரு மனிதர் எடுத்த முடிவு இருக்கிறது. யாருக்கு மருந்து, யாருக்கு இடம், யாரை வெளியே விட்டுப் பூட்டுவது என்ற முடிவு. "நம்ம ஆளு" என்று சொல்லும்போது அதில் யார் யாரைச் சேர்க்கிறோம் என்பதுதான் இந்தத் தொடரின் உண்மையான கதை என்று நான் நினைக்கிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன.

ஷேன் ஓட்டிஸைச் சுட்டது தப்பா? பிள்ளை பிழைத்ததே!

எங்கள் கூட்டத்தில் அதிகம் சண்டை மூட்டியது இதுதான். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் ஓட்டிஸ் மான் வேட்டையாடச் சுட்ட குண்டு மானைத் துளைத்துக்கொண்டு சிறுவன் கார்ல் மேல் பாய்கிறது. ஆபரேஷனுக்குச் சாமான் வேண்டும். ரிக்கின் நண்பன் ஷேனும் ஓட்டிஸும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் எடுத்துவருகிறார்கள். திரும்பும் வழியில் இரண்டு பேருக்கும் கால் ஓடவில்லை, குண்டும் தீரப் போகிறது, பின்னால் பெருங்கூட்டம். ஷேன் ஓட்டிஸின் காலில் சுட்டு அவரைப் பிணங்களுக்கு விட்டுவிட்டு வருகிறான். கார்ல் பிழைக்கிறான்.

"எம்புள்ளையா இருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்று ஒரு அக்கா சொன்னார். அந்த இடத்தில் தாய் ஒருத்தி அப்படிச் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கடுத்த காட்சிகளைக் கவனியுங்கள். கைகலப்பில் ஓட்டிஸ் பிடுங்கியதில் ஷேனின் தலையில் ஒரு கொத்து முடி போயிருக்கிறது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணாடி முன்னால் நின்று மொட்டை அடித்துக்கொள்கிறான். ஓட்டிஸின் உடைகளையே மாட்டிக்கொள்கிறான். இரங்கல் கூட்டத்தில் ஓட்டிஸின் மனைவி பாட்ரிசியா, கடைசியாக என் வீட்டுக்காரரோடு இருந்தவர் நீங்கள்தானே, பேசுங்கள் என்று கேட்கும்போது, ஓட்டிஸ் தானாகவே உயிரைக் கொடுத்ததாக ஒரு கதை சொல்கிறான். அந்தப் பொய்தான் அவனைக் கெடுத்தது. இக்கட்டில் செய்ததை ஊர் முன்னால் சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், அடி விழுந்திருக்கும், ஒருவேளை மன்னிப்பும் கிடைத்திருக்கும். சொல்லாததால், எது தேவை என்பதைத் தான் ஒருவனே தீர்மானிக்கலாம் என்ற துணிச்சல் வந்துவிட்டது. அந்த சீசன் முடிவதற்குள் ரிக்கையே கொல்லத் துணிகிறான். ஓட்டிஸ் அவன் கணக்கில் ஒருபோதும் நம்ம ஆளாக இருந்ததில்லை.

கொட்டகைக்குள் பிணங்களை அடைத்துவைத்த ஹெர்ஷல் முட்டாள்தானே?

இல்லை. நம் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

பண்ணைக்காரர் ஹெர்ஷல் கால்நடை மருத்துவர். நடைப்பிணங்களை நோயாளிகள் என்று நம்பி, தன் மனைவியையும் அவளுடைய மகனையும் அக்கம்பக்கத்தாரையும் கொட்டகையில் பூட்டி வைத்துக் கோழி போட்டு வளர்க்கிறார். ஷேன் பூட்டை உடைக்கிறான், ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். கடைசியில் கதவிடுக்கிலிருந்து தடுமாறி வெளியே வருவது, பல எபிசோடாகக் கூட்டமே காடு மேடெல்லாம் தேடிய கரோலின் மகள் சோஃபியா. அதுவரை சுட்டவர்கள் அத்தனை பேரின் கையும் நின்றுவிடுகிறது. ஹெர்ஷலின் வீட்டாரைச் சுடும்போது இல்லாத தயக்கம், தங்கள் வீட்டுப் பிள்ளை வந்ததும் வந்துவிட்டது. இந்த ஒரு நிமிடத்தில் தொடர் சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. கண்ணால் பார்க்காதவரை சாவு என்று ஒப்புக்கொள்ள மறுத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த தாய்மாரைத் தெரிந்தவர்கள் ஹெர்ஷலை முட்டாள் என்று சொல்லமாட்டார்கள்.

ரேண்டலைக் கொல்வதா வேண்டாமா என்ற வாக்குவாதம் எதற்கு? எதிரி ஆள்தானே?

எதிர்க்கூட்டத்துப் பையன், காலில் காயத்தோடு பிடிபட்டவன். விட்டால் ஆட்களைக் கூட்டிவருவான் என்று பயம். வயதான டேல் மட்டும் ஒவ்வொருவரிடமாகப் போய், கேட்காமல் கொல்லாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள் என்று மன்றாடுகிறார். கூட்டம் கூடுகிறது. கடைசியில் அவர் பக்கம் நின்றது ஆண்ட்ரியா ஒருத்திதான். டேல் தோற்றார். ஆனாலும் ஒரு உயிரை எடுப்பதற்கு முன் எல்லாரும் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதை அவர்தான் அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தார். அன்றிரவே அவரும் இறந்துபோகிறார். அந்த சீசனின் முடிவில் ரிக், இனி இங்கே ஓட்டெடுப்பு கிடையாது, நான் சொல்வதுதான் என்று அறிவிப்பது தற்செயல் இல்லை.

ரோட்டில் கத்திக்கொண்டு ஓடி வந்த ஆளை ஏற்றாமல் போனது நியாயமா?

மூன்றாம் சீசன், 12ஆம் எபிசோட். ரிக்கும் கார்லும் மிஷோனும் காரில் போகிறார்கள். முதுகில் ஆரஞ்சு நிறப் பை மாட்டிய ஒருவர் நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறார். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கார் சேற்றில் மாட்டி நிற்கும்போது அவர் மறுபடி எட்டிவிடுகிறார். மறுபடியும் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர் திரும்பும்போது ரோட்டில் ரத்தமும் சிதைந்த உடலும். கார் கடந்து போகிறது, நிற்கிறது, பின்னால் வருகிறது. பையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது.

கொலை நடக்கவில்லை. பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இது ஷேன் செய்ததைவிடப் பயங்கரமாகப் படுகிறது. அந்த ஆளுக்கு இடம் இல்லை, அவருடைய பைக்கு இடம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்கும் எல்லாருக்கும் நினைவு வருவது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ரோடெல்லாம் மரம், மின்கம்பம். பல கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாக அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, தண்ணீர் கேன் வந்தது. வந்ததில் நிறைய மெயின் ரோட்டு ஊர்களிலேயே இறங்கிவிட்டது. சில இடங்களில் மரத்தை இழுத்துப் போட்டு லாரியை மறித்தார்கள். உள்ளே தள்ளி இருந்த ஊர்களுக்கு, அதிலும் ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனித் தெருக்களுக்கு, வந்து சேர்ந்தது மிச்சம்தான்.

மறித்தவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை, பிள்ளைக்குப் பால் இல்லை. ஆனால் பின்னால் இன்னும் ஊர்கள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். நிலைமை மாறியது எங்கே என்றால், பள்ளிக்கூடத்தில் ஒரே அடுப்பு மூட்டிப் பொதுச் சமையல் தொடங்கிய ஊர்களில். எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். வந்த பொருள் அந்த நோட்டின்படி போனது. ஒரு ஊரில் கடைசித் தெருவிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதே மனிதர்கள்தான், அதே பசிதான். கையில் நோட்டு இருந்தது, அவ்வளவே வித்தியாசம். தொடரிலும் நான்காம் சீசனில், ரிக் கூட்டம் குடியேறிய ஒரு சிறைச்சாலைக்குள் கவுன்சில் அமைத்து எல்லாருமாக முடிவெடுத்த காலத்தில்தான் இவர்கள் அதிகம் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நோய் பரவாமல் இருக்க கரோல் இரண்டு பேரைக் கொன்று எரித்தது?

நான்காம் சீசனில் சிறைக்குள் ஒரு காய்ச்சல் பரவுகிறது. காரென், டேவிட் என்ற இரண்டு நோயாளிகளைக் கரோல் யாரையும் கேட்காமல் கொன்று எரித்துவிடுகிறாள். நோய் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன பதில் சொல்வோம் என்பது கஷ்டமான கேள்வி. தொடர் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. அதே நேரத்தில் ஹெர்ஷல், நோயாளிகளைப் பூட்டிய பகுதிக்குள்ளேயே போய், கஷாயம் வைத்துக் கொடுத்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்கிறார். மருந்து தேடி வேறு நான்கு பேர் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகிறார்கள். பலரைக் காப்பாற்றியது இந்த இரண்டும்தான்.

2020இல் நம் ஊர்களிலும் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தோம். மே மாதம் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அரியலூர், கடலூர்ப் பக்கம் ஊர் திரும்பியபோது, சொந்த ஊர்க்காரர்களே அவர்களைப் பார்த்து மிரண்டார்கள். தனியாக இருக்கச் சொன்னது சரி. சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள், திரும்பிப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். கரோலுக்கும் ஹெர்ஷலுக்கும் நடுவே இருக்கும் தூரம் அதுதான்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்கான தொடர். நான்காம் சீசனின் 14ஆம் எபிசோடில் ஒரு சிறுமி தன் தங்கையையே கொல்கிறாள். அதற்குப் பிறகு கரோல் எடுக்கும் முடிவு பெரியவர்களுக்கே தாங்காது. அதைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

சிறைச்சாலையில் குடியிருப்பது வினோதமாக இல்லையா?

இருக்கிறது. அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. காரணம் காவிரிப்பூம்பட்டினத்தில் இருக்கிறது. மணிமேகலை அமுதசுரபியோடு புகார் நகரச் சிறைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். என்ன வேண்டும் என்று சோழ மன்னன் கேட்கும்போது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரச் சொல்கிறாள். மன்னனும் செய்கிறான்.

ரிக் கூட்டம் சிறைக்குள் நுழைந்ததும் உணவறையில் பல மாதமாக அடைபட்டுக் கிடந்த ஐந்து கைதிகளைப் பார்க்கிறது. பேசித் தீர்க்கப் பொறுமை இல்லை. தன்னைக் கொல்லப் பார்த்த ஒருவனை ரிக் வெட்டுகிறார். ஓடிய ஆண்ட்ரூவைப் பிணங்கள் நிற்கும் முற்றத்தில் விட்டுக் கதவைப் பூட்டுகிறார். மிஞ்சியவர்கள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சும்போதும் முடியாது என்கிறார். ஆண்ட்ரூ சாகவில்லை. திரும்பி வந்து வாசலைத் திறந்துவிடுகிறான், சைரனை அலறவிடுகிறான். அன்று ரிக்கின் மனைவி லோரி பிரசவத்தில் இறக்கிறாள், டி-டாக் என்ற நல்ல மனிதர் கடிபட்டுச் சாகிறார். ஆண்ட்ரூவைச் சுட்டு, துப்பாக்கியை ரிக்கின் கையில் திருப்பிக் கொடுப்பவன் யார் தெரியுமா? வேண்டாம் என்று தள்ளிவைத்த கைதிகளில் ஒருவனான ஆஸ்கர்.

சீசன் முடிவில், சரணடைய வந்த ஒரு பையனைக் கார்ல் சுட்டுக் கொல்கிறான். மகன் என்னவாக ஆகிக்கொண்டிருக்கிறான் என்று ரிக் அப்போதுதான் பார்க்கிறார். எதிரியின் ஊரான வுட்பரியிலிருந்து கிழவர்களையும் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றிச் சிறைக்குள் கொண்டுவருகிறார். சண்டை போட உதவாதவர்கள், வாய்கள்தான் அதிகம். அடுத்த சீசன் தொடங்கும்போது அங்கே தோட்டம் போட்டிருக்கிறார்கள், பன்றி வளர்க்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறார்கள்.

மணிமேகலையிலேயே இன்னொரு கதையும் உண்டு. அமுதசுரபி முதலில் ஆபுத்திரன் கையில் இருந்தது. கப்பல் அவனை மணிபல்லவத் தீவில் தவறவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருக்கிறது. பலர் உயிர் காக்கும் பாத்திரத்தை வைத்துத் தன் ஒரு வயிற்றை நிரப்பிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இறக்கிறான். எல்லாரும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புகாரையே கடல் கொண்டுபோகும் ஒரு காவியம், அழிவின் நடுவே சோற்றுப் பாத்திரத்தைப் பற்றித்தான் பேசியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கதவைத் திறந்துவிட்டு ஏமாந்தவர்கள்தானே டெர்மினஸ்காரர்கள்? அதற்கென்ன சொல்கிறீர்கள்?

சரியான கேள்வி. டெர்மினஸ் முதலில் உண்மையாகவே அடைக்கலம் தந்த இடம். வந்தவர்களே அவர்களை அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். மீண்ட பிறகு, அடைக்கலம் என்ற அதே அறிவிப்பை வைத்து ஆட்களை வரவழைத்துக் கொன்று தின்னத் தொடங்கினார்கள். திறந்த வாசல் பாதுகாப்பானது என்று தொடர் எங்கேயும் சொல்லவில்லை. ரிக் நான்காம் சீசனில் வாசலில் மூன்று கேள்வி வைக்கிறார்: எத்தனை பிணங்களைக் கொன்றாய், எத்தனை மனிதர்களைக் கொன்றாய், ஏன்? கடைசிக் கேள்விதான் கனமானது. விசாரித்து உள்ளே விடுவது ஒரு வழி. யாரையும் விடாதது இன்னொரு வழி. டெர்மினஸ் மூன்றாவதற்குப் போனது.

நீகனை உயிரோடு விட்டது சரியா?

விட்டது சரி. விட்ட விதம் சரியில்லை.

2016இல் வந்த ஏழாம் சீசன் முதல் எபிசோடில் எதிர்க்கூட்டத் தலைவன் நீகன், ரிக் கூட்டத்து ஆபிரகாமையும் கிளென்னையும் மட்டையால் அடித்துக் கொல்கிறான். கிளென்னின் மனைவி மேகி அப்போது கர்ப்பிணி. அத்தனையும் அவள் கண்ணெதிரே நடக்கிறது. எட்டாம் சீசன் முடிவில் ரிக் அவனைக் கழுத்தில் அறுத்துவிட்டு, பிறகு வைத்தியம் பார்த்துச் சிறையில் போடச் சொல்கிறார். சாகும்போது கார்ல் கேட்டுக்கொண்டது அது. மேகி தரையில் விழுந்து கதறுகிறாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இழந்தது ஒருத்தி, மன்னித்தது இன்னொருவர். பின்னால் நீகன் பனிப்புயலில் ரிக்கின் மகள் ஜூடித்தைக் காப்பாற்றுகிறான், மெல்ல மாறுகிறான். அது மேகியின் கடனை அடைக்காது, அவள் மன்னிக்காததில் எந்தத் தப்பும் இல்லை. அவளை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் முடிவு வேறாகக்கூட இருந்திருக்கலாம். கேட்டிருக்க வேண்டும்.

நமக்கு அப்படி ஒரு காலம் வந்தால் டெல்டா தாங்குமா?

சோறுடைத்த சோழநாடு, நமக்கென்ன கவலை என்று பையன்கள் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூரில் மதகைத் திறக்க ஆள் வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிட ஆள் வேண்டும். மேல்மடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டால் கடைமடையில் எங்களுக்கு உப்புத் தண்ணீர்தான். ஆக, இங்கே வெட்டரிவாளோடு தனியாகப் பிழைக்கிற வீரன் ஒருவனும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் மேலே தண்ணீர் விட்டால்தான் கீழே நாற்று விடலாம்.

விதையும் வேண்டும். எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விதி உண்டு: இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்குபவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது அடுத்தவருக்குப் போகும். கஜா அடித்து சில வாரங்களில், 2018 டிசம்பரில், அவர் காலமானார். வாங்குபவர் யார், எந்த ஊர் என்று பார்க்காத விதி அது. உலகம் முடிந்த பிறகு ஓர் ஊர் தொடங்க எனக்கு அந்த விதியும் ஒரு மூட்டை மாப்பிள்ளைச் சம்பாவும் போதும்.

177 எபிசோட் பார்க்க நேரமில்லை. எதைப் பார்க்கலாம்?

இரண்டாம் சீசனை முழுதாகப் பாருங்கள். சண்டை குறைவு, சிலருக்கு இழுவையாகத் தெரியும்; நியாயம் பேச அதைவிட நல்ல சீசன் இல்லை. மூன்றாம் சீசனின் முதல் நான்கு எபிசோடும் 12ஆவதும். பிறகு நான்காம் சீசன் முதல் பாதி. ஏழாம் சீசனின் முதல் எபிசோடை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அங்கே வன்முறை கதைக்குத் தேவையானதைத் தாண்டிப் போய்விட்டது. முடிந்தால் யாரோடாவது சேர்ந்து பாருங்கள், முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.